கிளையா, துணை நிறுவனமா? வெளிநாட்டு வங்கி விழும்போது யாருடைய பணம் மிஞ்சும்

2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை, கலிபோர்னியாவில் சிலிக்கான் வேலி வங்கியை அதிகாரிகள் மூடினார்கள். அடுத்த மூன்று நாட்களில் அந்த ஒரே வங்கியின் கதை ஊருக்கு ஊர் வேறு விதமாக முடிந்தது. லண்டனில் இருந்த அதன் நிறுவனத்தை ஹெச்எஸ்பிசி ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. திங்கட்கிழமை காலை அங்கே வாடிக்கையாளர்கள் வழக்கம்போல் பணம் எடுத்தார்கள். 670 கோடி பவுண்டு டெபாசிட்டில் யாருக்கும் எதுவும் குறையவில்லை. டொராண்டோ கிளையின் சொத்துகளைக் கனடாவின் கண்காணிப்பு அமைப்பு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பிராங்பர்ட் கிளை பணம் பட்டுவாடா செய்யக் கூடாது என்று ஜெர்மனி தடை போட்டது. இந்த இரண்டு கிளைகளும் உள்ளூரில் டெபாசிட் வாங்கியதில்லை, கடன் மட்டுமே கொடுத்தன. அதனால் அங்கே பொதுமக்கள் யாரும் வரிசையில் நிற்கவில்லை.

கேமன் தீவுகளில் நடந்ததுதான் கொடுமை. அங்கே இருந்த கிளையில் ஆசிய முதலீட்டு நிறுவனங்கள் பல பணம் வைத்திருந்தன. அமெரிக்காவுக்குள் இருந்த டெபாசிட்தாரர்கள் அனைவருக்கும் முழுப் பணமும் கிடைக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை அரசு அறிவித்தது. கேமன் கிளையின் வாடிக்கையாளர்களுக்கு அந்த அறிவிப்பு பொருந்தவில்லை. அவர்கள் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களின் பட்டியலில், வரிசையின் கடைசிப் பகுதியில் சேர்க்கப்பட்டார்கள்.

லண்டன் தப்பியதற்குக் காரணம் அதிர்ஷ்டம் அல்ல. 2012 முதல் அங்கே சிலிக்கான் வேலி வங்கி கிளையாகத்தான் இயங்கியது. டெபாசிட் பெருகியதும், பிரிட்டனின் விதிப்படி அது தனி நிறுவனமாகப் பதிவாக வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில் அந்த மாற்றம் நடந்தது. ஏழே மாதத்தில் தாய் வங்கி சரிந்தபோது, விற்பதற்கு லண்டனில் தனியாக ஒரு வங்கி இருந்தது. கிளையாகவே இருந்திருந்தால் ஒரு பவுண்டுக்குக் கைமாற்ற அங்கே தனி நிறுவனம் எதுவும் இருந்திருக்காது.

வெளிநாட்டு வங்கிகளை ஒரு நாடு எப்படி உள்ளே விடுகிறது என்பது பொதுவாக நிபுணர்களுக்கான விவகாரமாகவே பேசப்படுகிறது. மூலதன விகிதம், உரிம நிபந்தனை, கண்காணிப்பு ஒப்பந்தம் என்று சொற்கள் அடுக்கப்படும். அவற்றின் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: வங்கி விழுந்தால், இந்த நாட்டில் இருக்கும் சொத்து முதலில் யாருக்கு?

வெளிநாட்டு வங்கி ஒரு நாட்டுக்குள் வர முக்கியமான வழிகள் இரண்டு. ஒன்று கிளை. சட்டத்தின் பார்வையில் கிளைக்குத் தனி இருப்பு கிடையாது. சென்னையில் இருக்கும் கிளையும் லண்டனில் இருக்கும் தலைமையகமும் ஒரே நிறுவனம். கிளை ஏற்ற கடமைக்குத் தாய் வங்கியின் மொத்தச் சொத்தும் பொறுப்பு; கேட்பதற்கு இது பெரிய பலம். ஆனால் தாய் வங்கி மூழ்கினால் கிளையும் அதே நொடியில் மூழ்கும். இன்னொரு வழி துணை நிறுவனம். உள்ளூர்ச் சட்டப்படி பதிவாகும் தனிக் கம்பெனி அது. தனி மூலதனம், தனி இயக்குநர் குழு, தனி இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் அதற்கு உண்டு. தாய் வங்கி விழுந்தாலும் அது நிற்கக்கூடும். தாய் வங்கி நன்றாக இருக்கும்போதே அது விழவும் கூடும்.

பிரிட்டன் இந்தப் பாடத்தை மிகுந்த செலவில் கற்றது. ஐஸ்லாந்தின் லாண்ட்ஸ்பாங்கி வங்கி 2006 அக்டோபரில் 'ஐஸ்சேவ்' என்ற பெயரில் பிரிட்டனில் இணையவழி சேமிப்புக் கணக்குகளைத் தொடங்கியது. வட்டி கவர்ச்சியாக இருந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் போட்டார்கள். ஐஸ்லாந்தின் மொத்த மக்கள்தொகையே அப்போது ஏறத்தாழ அவ்வளவுதான். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி விதிகளின்படி, உறுப்பு நாடு ஒன்றில் உரிமம் பெற்ற வங்கி மற்ற நாடுகளில் தனி உரிமம் இல்லாமலே கிளை திறக்கலாம். வங்கியைக் கண்காணிப்பதும், டெபாசிட் காப்பீடு தருவதும் தாய் நாட்டின் வேலை. 2008 அக்டோபரில் லாண்ட்ஸ்பாங்கி சரிந்தது. ஆளுக்கு 20,887 யூரோ வரை ஐஸ்லாந்தின் காப்பீட்டு நிதி தர வேண்டும் என்று ஏட்டில் இருந்தது, நிதியில் அந்தப் பணம் இல்லை.

பிரிட்டன் அரசு தன் கஜானாவிலிருந்து மக்களுக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, ஐஸ்லாந்திடம் திருப்பிக் கேட்டது. அக்டோபர் 8 அன்று பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் ஒன்றில் இருந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி லாண்ட்ஸ்பாங்கியின் சொத்துகளை முடக்கியது. நேச நாடு ஒன்றின் வங்கி மீது அந்தச் சட்டம் பாய்ந்ததை ஐஸ்லாந்து மக்கள் எளிதில் மறக்கவில்லை. கடனை ஏற்கும் ஒப்பந்தங்களை 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பொதுவாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். 2013 ஜனவரியில் ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கத்தின் (எஃப்டா) நீதிமன்றமும் ஐஸ்லாந்துக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. கடைசியில் லாண்ட்ஸ்பாங்கியின் சொத்துகளை விற்ற பணத்தில், டெபாசிட்தாரர்களுக்குத் தர வேண்டியது உள்ளிட்ட முன்னுரிமைக் கடன்கள் தீர்ந்தன. அதற்கு 2016 வரை ஆனது.

அதே வாரத்தில் லண்டனில் இன்னொரு காட்சியும் நடந்தது. லாண்ட்ஸ்பாங்கிக்குச் சொந்தமான ஹெரிடபிள் வங்கி, இன்னொரு ஐஸ்லாந்து வங்கியான கௌப்திங்குக்குச் சொந்தமான கௌப்திங் சிங்கர் அண்ட் ஃப்ரீட்லாண்டர் ஆகிய இரண்டும் பிரிட்டனில் பதிவான துணை நிறுவனங்கள். அவற்றின் சில்லறை டெபாசிட்டுகளை பிரிட்டன் அதிகாரிகள் உடனடியாக ஐஎன்ஜி டைரக்ட் வங்கிக்கு மாற்றினார்கள். அந்த இரண்டும் பிரிட்டிஷ் வங்கிகள். பிரிட்டிஷ் அதிகாரிகளின் கை அங்கே எட்டியது. ஐஸ்சேவ் கிளையில் எட்டவில்லை.

இதன் விளைவுதான் பிரிட்டனின் இன்றைய விதி. காப்பீட்டுக்கு உட்பட்ட சில்லறை, சிறுதொழில் நடப்புக் கணக்குகளில் சேரும் பணமோ, காப்பீட்டு நிதி சுமக்க வேண்டிய மொத்தப் பொறுப்போ குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், கிளை துணை நிறுவனமாக மாற வேண்டும் என்று கண்காணிப்பு அமைப்பு எதிர்பார்க்கிறது. பெருநிறுவனங்களுடன் மட்டும் தொழில் செய்யும் கிளைகளை அது தொந்தரவு செய்வதில்லை. இந்தப் பாகுபாடு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. கோடிக்கணக்கில் போடும் நிறுவனத்துக்குத் தாய் வங்கியின் கணக்கைப் படித்துப் பார்க்க ஆள் உண்டு. ஓய்வூதியத்தைப் போட்டு வைத்திருக்கும் ஆசிரியருக்கு யார் இருக்கிறார்கள்?

நியூசிலாந்தின் நிலை இன்னும் விசித்திரமானது. அந்த நாட்டின் வங்கித் தொழிலில் மிகப் பெரும் பங்கு நான்கு ஆஸ்திரேலிய வங்கிகளின் கையில் இருக்கிறது. அதில் வெஸ்ட்பாக் நெடுங்காலம் கிளையாகவே இயங்கி வந்தது. பிரச்சினை ஆஸ்திரேலியாவின் 1959 வங்கிச் சட்டத்தில் இருந்தது. வங்கி திவாலானால் ஆஸ்திரேலியாவில் உள்ள சொத்துகள் முதலில் ஆஸ்திரேலிய டெபாசிட்தாரர்களுக்கே போக வேண்டும் என்று அது சொல்கிறது. அதாவது வெலிங்டனில் பணம் போட்டவர், அதே வங்கியில் சிட்னியில் போட்டவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். இதை நியூசிலாந்து மத்திய வங்கி ஏற்கவில்லை. பெரிய வங்கிகள் உள்நாட்டில் பதிவாக வேண்டும் என்று வற்புறுத்தியது. 2006 நவம்பரில் வெஸ்ட்பாக் நியூசிலாந்து தனி நிறுவனமானது. இந்த நாடு இதோடு நிற்காமல், வங்கியின் கணினி அமைப்புகளும் முக்கியப் பணிகளும் தாய் வங்கி இல்லாமலே ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. பதிவு பெற்ற வங்கி ஒன்று வெலிங்டனில் இருந்து, அதன் கணக்குகள் ஓடும் கணினி மெல்போர்னில் இருந்தால், நெருக்கடி நாளில் அந்தப் பதிவுப் பத்திரத்தால் என்ன பயன்? இந்த அளவுக்கு யோசித்த நாடுகள் குறைவு.

ஆஸ்திரேலியாவும் தன் வீட்டுக்குள் வரும் கிளைகளிடம் கறாராகவே இருக்கிறது. வெளிநாட்டு வங்கிக் கிளை தனிநபரிடமிருந்து 2,50,000 ஆஸ்திரேலிய டாலருக்குக் குறைந்த முதல் டெபாசிட்டை வாங்க முடியாது. சீனா 2006 இறுதியில் கொண்டுவந்த விதியும் இதே வழியில்தான் சென்றது. உள்ளூர் மக்களிடம் யுவானில் முழு அளவில் தொழில் செய்ய வேண்டுமானால் சீனாவில் பதிவாக வேண்டும். கிளையாக நீடிப்பவர்கள் பத்து லட்சம் யுவானுக்குக் குறையாத தவணை டெபாசிட்டுகளை மட்டும் வாங்கலாம். இந்த வரம்பு பின்னர் 5 லட்சமாகக் குறைக்கப்பட்டது. ஹெச்எஸ்பிசி, சிட்டி, ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் ஆகியவை 2007-லேயே சீனாவில் தனி நிறுவனங்களாயின.

அமெரிக்காவின் கதை நீளமானது. 1978 வரை வெளிநாட்டு வங்கிகளுக்கு மத்தியச் சட்டமே இல்லை. மாநிலங்கள் விருப்பம்போல் உரிமம் கொடுத்தன. அந்த ஆண்டு வந்த சர்வதேச வங்கிச் சட்டம் உள்நாட்டு வங்கிகளுக்கும் வெளிநாட்டு வங்கிகளுக்கும் ஒரே நடைமுறை என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. பிறகு 1991 ஜூலையில் பாங்க் ஆஃப் கிரெடிட் அண்ட் காமர்ஸ் இன்டர்நேஷனல் வெடித்தது. பாகிஸ்தானைச் சேர்ந்த ஆகா ஹசன் அபேதி 1972-ல் தொடங்கிய வங்கி அது. லக்சம்பர்க்கிலும் கேமன் தீவுகளிலும் பதிவு, லண்டனில் நிர்வாகம், ஏறத்தாழ 70 நாடுகளில் தொழில். பதிவான இடத்தில் நிர்வாகம் இல்லை, நிர்வாகம் நடந்த இடத்தில் பதிவு இல்லை. முழு வங்கியையும் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. இந்த இடைவெளியில்தான் மோசடி வளர்ந்தது.

அது மூடப்பட்டபோது நியூயார்க் அதிகாரிகள் தங்கள் எல்லைக்குள் இருந்த சொத்துகளைப் பிடித்து வைத்து, அங்குள்ள அலுவலகத்தின் கடன்களை முதலில் தீர்த்தார்கள். மும்பையில் இருந்த ஒற்றைக் கிளையின் தொழிலை பாரத ஸ்டேட் வங்கி தன் துணை வங்கி ஒன்றின் மூலம் ஏற்றுக்கொண்டது. 1991 இறுதியில் அமெரிக்கா புதிய சட்டம் இயற்றியது. அதன்படி, வெளிநாட்டு வங்கி காப்பீடு பெற்ற சில்லறை டெபாசிட் வாங்க விரும்பினால் தனியே துணை வங்கி தொடங்க வேண்டும். ஏற்கெனவே காப்பீடு பெற்றிருந்த சில கிளைகளுக்கு மட்டும் விலக்கு. இந்தியப் பொதுத்துறை வங்கிகளின் நியூயார்க் கிளைகள் சிலவும் அந்தச் சிறு கூட்டத்தில் உண்டு.

தன் வங்கிகள் வெளிநாட்டில் திறக்கும் கிளைகள் என்று வரும்போது அமெரிக்கா வேறு முகம் காட்டுகிறது. 1975 ஏப்ரலில், தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் விழுவதற்குச் சில நாட்கள் முன், சேஸ் மன்ஹாட்டன் தன் சைகோன் கிளையை மூடிவிட்டு வெளியேறியது. அங்கே பணம் போட்டிருந்தவர்கள் நியூயார்க்கில் வழக்குப் போட்டு வென்றார்கள். 1983-ல் சிட்டிபாங்க்கின் மணிலா கிளையில் இருந்த டாலர் டெபாசிட்டைத் திருப்பித் தர பிலிப்பைன்ஸ் அரசு தடை விதித்தது. அந்த வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை சென்று, முடிவில் சிட்டிபாங்க் நியூயார்க் சொத்திலிருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. கிளையும் தலைமையகமும் ஒன்றே என்ற கொள்கையின் நேர்மையான விளைவு இது. ஆனால் 1994-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்றியது. போர், கலகம், வெளிநாட்டு அரசின் நடவடிக்கை ஆகியவற்றால் வெளிநாட்டுக் கிளை பணம் தர முடியாமல் போனால், எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, தலைமையகம் பொறுப்பல்ல. தாய் வங்கியின் மொத்தச் சொத்தும் பின்னால் நிற்கிறது என்று நம்பிக் கிளையில் பணம் போடுபவர்கள் இந்தச் சட்டத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

சர்வதேச அளவில் விதி வகுக்கும் முயற்சியும் இப்படி விபத்துக்கு விபத்துதான் முன்னேறியது. 1974-ல் கொலோன் நகரின் ஹெர்ஸ்டாட் வங்கி மூடப்பட்டதும், பல நாடுகளின் வங்கிக் கண்காணிப்பாளர்கள் கூடும் பாசல் குழு பிறந்தது. 1975-ல் யார் எதைக் கண்காணிப்பது என்று ஒரு பங்கீடு செய்தார்கள்: கிளையின் நிதி வலிமை தாய் நாட்டின் கவலை, துணை நிறுவனத்தின் வலிமை முதன்மையாக அது இருக்கும் நாட்டின் கவலை. 1982-ல் இத்தாலியின் பாங்கோ அம்ப்ரோசியானோ சரிந்தபோது, அதன் லக்சம்பர்க் நிறுவனம் எங்கள் பொறுப்பல்ல என்று இத்தாலி ஒதுங்கியது. அடுத்த ஆண்டே பங்கீட்டைத் திருத்தினார்கள். 1992-ல், தாய் நாட்டுக் கண்காணிப்பு போதாது என்று தோன்றினால் உள்ளே விட மறுக்கும் உரிமை ஏற்கும் நாட்டுக்கு உண்டு என்று எழுதினார்கள்.

எல்லா விதிகளும் டெபாசிட்தாரர் கவலையில் பிறந்தவை அல்ல. தேசிய அரசியலும் இதில் உண்டு. அதைத் தமிழ் வணிகர்கள் தொடங்கிய வங்கிகள் நேரடியாக அனுபவித்தன. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தார். விரைவில் பினாங்கிலும் கிளை வந்தது. வெளிநாட்டில் தொழில் செய்வதற்காகவே பிறந்த வங்கி அது. பர்மா 1963-ல் எல்லா வங்கிகளையும் தேசியமயமாக்கியபோது ரங்கூன் போயிற்று.

1969 ஜூலையில் இந்தியாவும் வங்கிகளைத் தேசியமயமாக்கியது, அதன் அதிர்வு கோலாலம்பூரிலும் பாங்காக்கிலும் கேட்டது. வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி தங்கள் மண்ணில் இயங்கக் கூடாது என்பது அந்த நாடுகளின் அன்றைய சட்டம். நேற்று வரை தனியார் வங்கியாக இருந்தவை ஒரே இரவில் இந்திய அரசின் வங்கிகளாகிவிட்டன. மலேசியாவில் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி ஆகிய மூன்றின் கிளைகளும் சேர்ந்து 1973-ல் யுனைடெட் ஏசியன் வங்கி என்ற மலேசிய நிறுவனமாயின. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் பாங்காக் கிளையைக் காப்பாற்ற அதே ஆண்டு சென்னையில் பாரத் ஓவர்சீஸ் வங்கி என்ற தனியார் வங்கியே தொடங்கப்பட்டது. அது 2007-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியுடன் இணைந்தது. மலேசியா பின்னர் 1989 சட்டத்தின் மூலம் எல்லா வெளிநாட்டு வங்கிகளையும் 1994-க்குள் உள்நாட்டில் பதிவாகச் சொன்னது. உலகின் மிகக் கறாரான நிலைப்பாடுகளில் அதுவும் ஒன்று.

துணை நிறுவனமாகப் பதிவாகிவிட்டால் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. 2002-ல் அர்ஜென்டினா நெருக்கடியில் கனடாவின் ஸ்கோஷியா வங்கி தன் துணை நிறுவனமான ஸ்கோஷியாபாங்க் கில்மெஸில் மேலும் பணம் போட மறுத்து வெளியேறியது. பிரான்சின் கிரெடி அக்ரிகோலும் மூன்று வங்கிகளைக் கைவிட்டது. தனி நிறுவனம் என்றால் தாய் வங்கியின் பொறுப்பும் அது போட்ட மூலதனத்தோடு முடிந்துவிடும். வாசலில் தொங்கிய உலகப் புகழ் பெற்ற பெயரை நம்பிப் பணம் போட்டவர்கள் இதை அப்போதுதான் புரிந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு அர்ஜென்டினா ஒரு சட்டம் கொண்டுவந்தது: வெளிநாட்டுப் பங்குதாரர் எந்த அளவுக்குப் பொறுப்பேற்பார் என்பதை வங்கிகள் தங்கள் விளம்பரங்களிலேயே சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியை எல்லா நாடுகளும் எடுத்துக்கொள்ளலாம்.

கிளை என்ற வடிவத்தின் இன்னொரு பலவீனத்தை எஸ்டோனியா காட்டியது. டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கி 2007-ல் வாங்கிய எஸ்டோனிய வங்கியை அடுத்த ஆண்டு கிளையாக மாற்றியது. 2015 வரை அந்தச் சிறிய கிளையின் வெளிநாட்டவர் கணக்குகள் வழியாக ஏறத்தாழ 20,000 கோடி யூரோ பாய்ந்தது. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது. கிளையின் மேல் முழு அதிகாரம் கோபன்ஹேகனுக்கு, நடப்பது தாலினில். 2019-ல் எஸ்டோனியா கிளையையே மூட உத்தரவிட்டது.

இந்தியாவில் பெரும்பாலான வெளிநாட்டு வங்கிகள் இன்றும் கிளைகளாகவே இயங்குகின்றன. சார்ட்டர்ட் வங்கி 1858-ல் கல்கத்தாவில் தொடங்கியது முதல் வரும் வழக்கம் இது. ஆனால் 1949 வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் எழுதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. வெளிநாட்டு வங்கி இந்தியாவில் ஈட்டும் லாபத்தில் ஆண்டுதோறும் 20 சதவீதத்துக்கு ஈடான தொகையை ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டும். அது தொழிலை விட்டுப் போனால் அந்தத் தொகை மீது இந்தியாவில் அதற்குக் கடன் கொடுத்தவர்களுக்கே முதல் உரிமை. இந்தியாவில் வாங்கிய டெபாசிட் முதலிய பொறுப்புகளில் குறைந்தது 75 சதவீதத்துக்கு ஈடான சொத்து இந்தியாவிலேயே இருக்க வேண்டும். நம் வங்கிகளைப் பாகுபடுத்தும் நாட்டின் வங்கிக்கு உரிமம் மறுக்கவும் சட்டம் இடம் தருகிறது. கிளையை ஒரு தனி வங்கி போலவே நடத்தும் ஏற்பாடு இது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான டெபாசிட் காப்பீடும் வெளிநாட்டு வங்கிக் கிளைகளுக்கு உண்டு. இருபது கிளைகளோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் இந்திய வங்கிகளைப் போலவே 40 சதவீதக் கடனை விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

2013 நவம்பரில் ரிசர்வ் வங்கி துணை நிறுவனங்களுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. 500 கோடி ரூபாய் தொடக்க மூலதனம், இயக்குநர்களில் பாதிக்குக் குறையாமல் இந்தியர்கள் அல்லது இந்திய வம்சாவளியினர். பதிலுக்கு, கிளை திறப்பதில் ஏறத்தாழ உள்நாட்டு வங்கிக்குரிய சுதந்திரம். பத்தாண்டு கடந்தும் அந்த வழியில் வந்து இயங்கத் தொடங்கியவை மொரீஷியஸின் எஸ்பிஎம், சிங்கப்பூரின் டிபிஎஸ் என்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன.

அந்த டிபிஎஸ்ஸின் மதிப்பு 2020 நவம்பரில் தமிழ்நாட்டுக்குத் தெரிந்தது. 1926-ல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி தள்ளாடி, டெபாசிட்தாரர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் நின்றபோது, பத்தே நாளில் அது டிபிஎஸ் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. தாய் வங்கி 2,500 கோடி ரூபாயைக் கொண்டுவந்து போட்டது. அது இந்தியாவில் பதிவான நிறுவனத்தின் மூலதனமாகச் சேர்ந்தது. பங்குதாரர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். டெபாசிட்தாரர்கள் எதையும் இழக்கவில்லை.

2013 விதியில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. 2010 ஆகஸ்டுக்குப் பின் வந்த வங்கிகள், நாட்டின் மொத்த வங்கிச் சொத்தில் 0.25 சதவீத அளவை எட்டினால் துணை நிறுவனமாக மாற வேண்டும். அதற்கு முன்பே வந்தவர்களுக்கு இது விருப்பம் மட்டுமே. ஆனால் இங்கே நெடுங்காலமாக வேரூன்றி, அதிகக் கிளைகளும் அதிக டெபாசிட்டும் வைத்திருப்பவர்கள் அந்தப் பழையவர்கள்தான். புதிதாக வரும் சிறியவரைக் கட்டிப்போட்டுவிட்டு, பெரியவருக்கு அழைப்பிதழ் அனுப்பிக் காத்திருக்கும் விதி இது. வரிச் சலுகையும் அழைப்பும் அவர்களை அசைக்கவில்லை. வெளிநாட்டுக் கம்பெனி என்பதற்காகக் கூடுதல் வரி கட்டிக்கொண்டே கிளையாக நீடிக்கிறார்கள். பிரிட்டனைப் போல, சில்லறை டெபாசிட் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் எப்போது வந்த வங்கியானாலும் இங்கே பதிவாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லலாம். பெருநிறுவனங்களோடு மட்டும் தொழில் செய்பவர்கள் கிளையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். 75 சதவீதச் சொத்து விதி இருக்கிறதே என்பார்கள். மீதி 25 சதவீதம் எந்த நாட்டு நீதிமன்றத்தில் யாருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் என்பதற்கு அந்த விதியில் பதில் இல்லை.